சாலமாண்டர்தான் முதல்ல கரையேறுச்சா?

கேள்விய முதல்ல சுருக்கமா சொல்லிடறேன், புதுசா படிக்கறவங்களுக்கும் புரியணும்ல. ஒரு யூட்யூப் வீடியோவுல மீன், அடுத்து சாலமாண்டர் (பார்க்க பல்லி மாதிரி, ஆனா தவளையோட சொந்தம்), அடுத்து பல்லி, அடுத்து குரங்கு, கடைசியில மனுஷன்னு வரிசையா காட்டியிருக்காங்க. அதப் பார்த்துட்டு நீங்க கேக்கறது, தண்ணிய விட்டு முதல்ல கரையேறுனது சாலமாண்டர்தானா, அப்படின்னா இத்தனை கோடி வருஷமா அது மட்டும் ஏன் மாறாம அப்படியே நிக்குது, நம்ம ஊர்ல ஏன் ஒண்ணு கூட கண்ணுல படல. போற போக்குல ஆக்சோலாட்ல்ங்கற மெக்சிகோ சாலமாண்டர வீட்ல வளர்க்கலாமான்னும் கேட்டிருக்கீங்க. எல்லாத்துக்கும் அடியில ஒரே கேள்விதான் இருக்கு: இப்ப உசுரோட திரியற ஒரு பிராணியப் பார்த்து 36 கோடி வருஷத்துக்கு முன்னாடி இருந்த பிராணியப் புரிஞ்சுக்க முடியுமா? கொஞ்சம் முடியும். ஆனா அந்த வீடியோக்காரர் நெனைக்கற மாதிரி இல்ல.

நான் காலேஜ்ல முதுகெலும்பி விலங்கியல் எடுத்த ஆளு. எலும்பு, மண்டையோடு, ஃபார்மலின் ஜாடி இதுங்களோடதான் பாதி வாழ்க்கை போச்சு, அதனால எலும்பு விஷயத்துல கொஞ்சம் தைரியமாவே பேசுவேன். டிஎன்ஏ வச்சு வம்ச மரம் போடறது என் தொழில் இல்ல, மத்தவங்க போட்டத படிச்சு புரிஞ்சுக்கறதோட சரி, அந்த இடம் வரும்போது அதுக்கேத்த மாதிரி எடுத்துக்கங்க.

சாலமாண்டர் நமக்கு தாத்தா இல்ல, ஒண்ணுவிட்ட அண்ணன் தம்பி முறை. இதுல யாருக்கும் சந்தேகம் கிடையாது. இன்னிக்கு இருக்கற தவள, சாலமாண்டர், காலே இல்லாத சிசிலியன் இந்த மூணும் ஒரு கூட்டம். பல்லி, பாம்பு, பறவை, நாம எல்லாம் சேர்ந்து இன்னொரு கூட்டம். இந்த ரெண்டும் சுமார் 35 கோடி வருஷம் முன்னாடி பிரிஞ்சுது. அதுக்கப்புறம் அவங்க வழியும் மாறிக்கிட்டே வந்துச்சு, நம்ம வழியும் மாறிக்கிட்டே வந்துச்சு, யாரும் யாருக்காகவும் நிக்கல. சாலமாண்டர்னு சொல்லத்தக்க ஜீவனோட ரொம்பப் பழைய ஃபாசில் கிர்கிஸ்தான்ல மடிகென்ங்கற இடத்துல கெடச்ச டிரையாசூரஸ், வயசு சுமார் 23 கோடி. மீன் வம்சம் காலோட கரைப்பக்கம் ஒதுங்குனது அதுக்கும் 13, 14 கோடி வருஷம் முந்தி. அந்த நேரத்துல சாலமாண்டரும் இல்ல, தவளையும் இல்ல, பல்லியும் இல்ல.

இன்னொண்ணையும் இங்கயே முடிச்சுடறேன், ஏன்னா கமெண்ட்ல ரெண்டு பேர் எங்க வீட்டு கொல்லையில சாலமாண்டர் இருக்குன்னு ஃபோட்டோ போட்டிருக்காங்க. அது அரணை. ஊர்வன சாதி, உடம்பு பூரா வழவழன்னு செதில், விரல் நுனியில நகம், முட்டைக்கு ஓடு. சாலமாண்டருக்கு செதில் கிடையாது, தோல் ஈரமா வெறுமையா இருக்கும், முன்னங்கால்ல நாலே விரல், நகமும் கிடையாது (ஜப்பான், கொரியா பக்கம் ஒரு சாதிக்கு மட்டும் கறுப்பா கொம்பு மாதிரி நகம் இருக்கு, விதின்னு ஒண்ணு சொன்னா அத மீறவும் ஒண்ணு எங்கயாவது உக்காந்திருக்கும்). வெளி உருவம் ஒத்துப்போகுது, அவ்ளோதான்.

சரி, அப்போ நெஜமா கரையேறுனது யாரு? கனடாவோட வடகோடியில எல்ஸ்மியர் தீவுல 2004ல டிக்டாலிக்னு ஒண்ணக் கண்டுபிடிச்சாங்க, நீல் ஷூபின், டெட் டேஷ்லர், ஃபாரிஷ் ஜென்கின்ஸ் மூணு பேரும் 2006ல அத வெளியிட்டாங்க. வயசு 37.5 கோடி. செதிலும் செவுளும் துடுப்பும் மீனோடது, ஆனா தலை முதலை மாதிரி தட்டை, கழுத்து தனியா திரும்பும், துடுப்புக்குள்ள தோள், முழங்கை, மணிக்கட்டுக்கு சமமான எலும்பு. எனக்கு இதுல பிடிச்ச விஷயம் அத எப்படிக் கண்டுபிடிச்சாங்கங்கறதுதான். இந்த மாதிரி ஒண்ணு இருந்திருந்தா இன்ன வயசுப் பாறையில, ஆத்துப்படுகை வண்டல்லதான் இருக்கணும்னு கணக்குப் போட்டு, வரைபடத்துல அந்தப் பாறை எங்க வெளியில தெரியுதுன்னு பார்த்து, 1999ல இருந்து அந்தக் குளிர்ல திரும்பத் திரும்பப் போயி எடுத்தாங்க.

அதுக்குப் பின்னாடி சுமார் 36.5 கோடி வருஷப் பாறையில, கிழக்கு கிரீன்லாந்துல, அகாந்தோஸ்டெகா, இக்தியோஸ்டெகான்னு ரெண்டு. இக்தியோஸ்டெகா 1932லயே பேர் வாங்கிடுச்சு. அகாந்தோஸ்டெகாவோட நல்ல எலும்புக்கூடுகள 1987ல ஃபாசில் ஆய்வாளர் ஜென்னி கிளாக் குழு போயி எடுத்துட்டு வந்தாங்க, அந்தப் பெட்டியில வந்தது பாடப்புத்தகத்தையே புரட்டிப் போட்டுச்சு. முன்னங்கால்ல எட்டு விரல்! இக்தியோஸ்டெகாவுக்கு பின்னங்கால்ல ஏழு. ரஷ்யாவுல கெடச்ச டுலெர்பெடானுக்கு ஆறு. ஆதியிலேயே அஞ்சு விரல்தான், மத்ததெல்லாம் அதுல குறைஞ்சு வந்ததுன்னு நாங்க படிச்சதும் படிச்சுக் குடுத்ததும் 1990ல காலி ஆச்சு. அத விட முக்கியம், அந்த எட்டு விரல் கால வச்சுக்கிட்டு அகாந்தோஸ்டெகா தரையில நடக்கவே இல்ல. மணிக்கட்டு எடைய தாங்காது, உள்ளுக்குள்ள செவுள் எலும்பு இருக்கு, வாலுக்கு மேலயும் கீழயும் துடுப்புச் சவ்வு. ஆக காலும் விரலும் உருவானது தண்ணிக்குள்ளயேதான், பாசி படர்ந்த ஆழமில்லாத தண்ணியில செடிய ஒதுக்கி அடியில ஊனிப் போறதுக்கு. குட்டை வத்துச்சு, மீன் அடுத்த குட்டைக்கு நடந்துச்சு, அப்படித்தான் கால் மொளச்சுதுங்கற கத நம்ம பள்ளிக்கூடப் புத்தகத்துல இன்னும் ஓடுது, அத கழட்டிடலாம்.

நீங்க கேட்டதுக்கு நேரடியா சம்பந்தப்பட்ட இடம் இதுதான். பழைய படங்கள்ல இக்தியோஸ்டெகாவ எப்படி வரைவாங்கன்னு தேடிப் பாருங்க, ஒரு குண்டு சாலமாண்டர் நாலு காலையும் மாத்தி மாத்தி வச்சு கரையில நடக்கற மாதிரி இருக்கும். ஏன் அப்படி வரைஞ்சாங்கன்னா மாடலுக்கு உசுரோட இருந்தது சாலமாண்டர் ஒண்ணுதான். 2012ல ஸ்டெஃபனி பியர்ஸ், கிளாக், ஜான் ஹட்சின்சன் மூணு பேரும் அந்த எலும்புகள ஸ்கேன் பண்ணி, முப்பரிமாணத்துல ஒவ்வொரு மூட்டும் எந்த அளவுக்குத் திரும்பும்னு பார்த்தாங்க. தோளும் இடுப்பும் நடக்கறதுக்கு வேண்டிய சுழற்சியே குடுக்கல. பின்னங்கால் பாதம் தரையில படியற மாதிரி திரும்பவே முடியாது, துடுப்பு மாதிரி பக்கவாட்டுல நிக்குது. முன்னங்கை ரெண்டையும் ஒரே நேரத்துல ஊனி உடம்ப எக்கி இழுத்திருக்கும், அவ்ளோதான் முடியும்னு முடிவு சொன்னாங்க. பிச்சாவரம் பக்கம் படகுல போயிருந்தீங்கன்னா அலையாத்தி வேர் நடுவுல சேத்துல கைத்துடுப்ப ஊனி எக்கி எக்கிப் போற மட்ஸ்கிப்பர் மீன பார்த்திருப்பீங்க, அந்த நடைதான் இதுக்கு கிட்ட வருது. அதாவது முதல் கரைவாசிகளப் புரிஞ்சுக்க சாலமாண்டர விட ஒரு மீன்தான் அந்த இடத்துல உதவுச்சு.

சந்தேகமான இடத்தையும் சொல்லிடணும். போலந்துல ஸஹெல்மியேங்கற ஒரு பழைய கல்குவாரியில காலடித் தடம் மாதிரி பள்ளங்கள் கெடச்சு 2010ல வெளிவந்துச்சு, வயசு 39 கோடி கிட்ட. அது நெஜமாவே நாலு கால் பிராணியோட தடம்னா டிக்டாலிக்குக்கு ஒன்றரை கோடி வருஷத்துக்கு முன்னாடியே காலோட யாரோ திரிஞ்சிருக்காங்க, டிக்டாலிக் நேரடி மூதாதை இல்ல, பின்னாடி வரைக்கும் மிச்சம் இருந்த ஒரு கிளைன்னு ஆகுது. அது தடமே இல்ல, மீன் தோண்டுன குழின்னு சொல்றவங்களும் இருக்காங்க. எனக்கு தடம்ங்கற வாதம்தான் பலமா தோணுது, சில பள்ளத்துல விரல் பதிவு தெரியுது, ஆனா எலும்பு ஒண்ணு கூட அந்த வயசுல கெடைக்காத வரைக்கும் அடிச்சுப் பேச மாட்டேன்.

அதுக்கப்புறம் வர ஒன்றரை கோடி வருஷத்துக்கு, 36 கோடியில இருந்து 34.5 கோடி வரைக்கும், ஃபாசிலே ரொம்ப கம்மி, ரோமர் இடைவெளின்னு பேரு. நம்ம கூட்டமும் சாலமாண்டர் கூட்டமும் பிரிஞ்சது இந்த இருட்டுலதான்னு ரொம்ப நாளா நெனச்சாங்க. ஸ்காட்லாந்துல 1971லயே எடுத்து மீன்னு லேபிள் ஒட்டி வச்சிருந்த ஒரு கல்ல கிளாக் திரும்ப ஆராய்ஞ்சு, அது கால் முன்பக்கம் பார்த்து திரும்பின, நெஜமா நடக்கத் தெரிஞ்ச பெடெர்பீஸ்னு 2002ல சொன்னாங்க. மியூசியம் அலமாரியிலயே கண்டுபிடிப்பு நடக்கும்னு பசங்ககிட்ட சொல்ல நான் வருஷா வருஷம் எடுக்கற உதாரணம் அது. இப்ப 2025ல ஆஸ்திரேலியா விக்டோரியாவுல இருந்து சுமார் 35.5 கோடி வயசுல நகம் பதிஞ்ச காலடித் தடம் ஒண்ணு வெளியாகியிருக்கு. நகம்னா ஊர்வன பக்கத்து கூட்டம், அது சரின்னா பிரிவு இன்னும் முன்னாடி தள்ளிப் போகும், மேல நான் சொன்ன 35 கோடிங்கற எண்ணையும் கொஞ்சம் ஏத்த வேண்டி வரும். ஒரே ஒரு பலகைக் கல், அதனால பொறுத்துப் பாப்போம்.

இனி சாலமாண்டரோட சொந்தப் பாட்டன் யாருங்கற விஷயம், இதுல அடிதடியே நடக்குது. நிலக்கரிக் காலத்துலயும் அதுக்கு அடுத்த பெர்மியன்லயும் டெம்னோஸ்பாண்டைல்னு ஒரு பெரிய கூட்டம் இருந்துச்சு, விரல் நீளத்துல இருந்து முதலை அளவு வரைக்கும். அதுல சின்ன சைஸ் கிளை ஒண்ணுல இருந்துதான் தவளையும் சாலமாண்டரும் வந்துச்சுன்னு பெரும்பாலானவங்க சொல்றாங்க. அதுக்கு பெரிய சாட்சி டெக்சாஸ்ல 1995ல எடுத்து 2008ல விவரிச்ச ஜெரோபட்ராகஸ், 29 கோடி வயசு, உள்ளங்கையில அடங்கற எலும்புக்கூடு. மண்டையும் காதுப் பகுதியும் தவள சாயல், கணுக்கால்ல ரெண்டு எலும்பு ஒட்டியிருக்கறது சாலமாண்டர் சாயல். இன்னொரு கட்சி, லெபோஸ்பாண்டைல்னு வேற ஒரு சின்னப் பிராணிக் கூட்டம்தான் பாட்டன்னு சொல்லுது, அந்தக் கட்சி இப்ப மெலிஞ்சு போச்சு. மூணாவது கட்சி, தவளையும் சாலமாண்டரும் ஒரு வழி, சிசிலியன் மட்டும் டெம்னோஸ்பாண்டைலோட வேற ஒரு கிளையில இருந்து வந்ததுன்னு சொல்லுது, கொலராடோவுல கெடச்சு 2017ல வெளிவந்த சின்லெஸ்டெகோஃபிஸ்தான் அவங்க கையில இருக்கற சீட்டு. டிஎன்ஏ ஒண்ணு மட்டும் தெளிவா சொல்லுது, இன்னிக்கு இருக்கற மூணும் ஒண்ணுக்கொண்ணுதான் நெருங்கின சொந்தம். செத்துப்போன கூட்டத்துல யார் பாட்டன்னு டிஎன்ஏ சொல்ல முடியாது, அதுக்கு கல்லுதான் வேணும்.

சாலமாண்டர் ஃபாசில்னதும் ஒரு பழைய கதைய சொல்லாம போக முடியல. 1726ல ஷாய்க்சர்னு ஒரு சுவிஸ் மருத்துவர், ஜெர்மனியோட ஓனிங்கன் குவாரியில கெடச்ச ஒரு எலும்புக்கூட்ட, நோவா காலத்து வெள்ளத்துல மூழ்கிச் செத்த பாவி மனுஷன்னு புத்தகம் போட்டாரு. ஒரு மருத்துவர், மனுஷ எலும்பு பார்த்த ஆளு! வட்டமான பெரிய தலை, ரெண்டு பெரிய கண்குழி, நீளமா முதுகெலும்பு, நம்பணும்னு நெனச்சா நம்பலாம். ஹார்லெம்ல இருக்கற டெய்லர்ஸ் மியூசியம் அத வாங்கி வச்சிருந்துச்சு. 1811ல குவியேங்கற பிரெஞ்சு விலங்கியல்காரர் அங்க போயி, ஒரு சாலமாண்டர் எலும்புப் படத்த பக்கத்துல வச்சுக்கிட்டு, இங்க கல்ல செதுக்குனா முன்னங்கால் வரும்னு சொல்லி செதுக்க, வந்துச்சு. இன்னிக்கும் அந்தக் கல்லு அதே மியூசியத்துலதான் இருக்கு, பேரு ஆண்ட்ரியாஸ் ஷாய்க்சேரி. இதோட சொந்தக்காரங்க சீனாவுலயும் ஜப்பான்லயும் இன்னும் ஓடையில கெடக்காங்க, சீனச் சாதி 1.8 மீட்டர் வரைக்கும் வளரும்.

இப்ப உங்க ரெண்டாவது கேள்வி, ஏன் மாறாம அப்படியே இருக்கு. உருவம் பழசுங்கறது உண்மைதான். உள் மங்கோலியாவுல கெடச்ச சுனெர்பெடான் 16 கோடி வருஷம் முந்தினது, அந்தக் கல்ல பார்த்தா செவுள் குஞ்சம் கூட பதிஞ்சிருக்கும், இன்னிக்கு அமெரிக்க ஓடையில இருக்கற ஹெல்பெண்டர்ங்கற பெரிய சாலமாண்டரோட குட்டின்னு சொன்னா நம்புவீங்க. ஆனா வெளி வடிவம் நிக்கறதும் பிராணி நிக்கறதும் வேற வேற. ஆதி நாலு கால் பிராணிக்கு செதில் இருந்துச்சு, சாலமாண்டர் அத விட்டுடுச்சு, வெறுந்தோல் புதுசு. ஆதிப் பிராணிக்கு நுரையீரல் இருந்துச்சு, இன்னிக்கு இருக்கற எண்ணூத்துச் சொச்சம் சாலமாண்டர் இனத்துல பாதிக்கு மேல, பிளெத்தோடான்டிடேங்கற ஒரே குடும்பத்துக்கு, நுரையீரலே கிடையாது. மூச்சு முழுக்க தோல்லயும் வாயோட உள்தோல்லயும். கரு நிலையில நுரையீரல் மொட்டு விட ஆரம்பிச்சு அப்புறம் கரைஞ்சு போறத 2022ல காட்டியிருக்காங்க. ஏன் விட்டுச்சுன்னா, வேகமா ஓடற மலை ஓடையில காத்து நெரம்பின பை மிதக்க வச்சு அடிச்சுட்டுப் போயிடும், அதான்னு பழைய விளக்கம். கேக்க நல்லாருக்கு, உறுதி இல்ல.

இந்த நுரையீரல் இல்லாத குடும்பம்தான் சாலமாண்டர்கள்லயே ரொம்ப பெருகுனது. மூச்சுக்கு வேலையில்லாததால தொண்டை எலும்பு முழுக்க நாக்க எறியற யந்திரமா மாறிப்போச்சு, இத்தாலி சர்தீனியா பக்கத்துக் குகை சாலமாண்டர் உடம்பு நீளத்துல முக்கால்வாசிக்கு மேல தூரம் நாக்க எறிஞ்சு பூச்சி பிடிக்கும், நாக்கோட எலும்பும் சேர்ந்து வாய விட்டு வெளிய வந்துட்டுப் போகும். அமெரிக்காவோட அப்பலாச்சியன் மலையில இதுங்க எவ்ளோ மண்டியிருக்குன்னா ஒவ்வொரு மலை உச்சிக்கும் ஒரு இனம்ங்கற மாதிரி. இன்னும் வடக்க நியூ ஹாம்ப்ஷயர்ல ஹப்பர்ட் புரூக் காட்டுல 1975ல எடை போட்டுப் பார்த்தாங்க, அந்தக் காட்டுல இருக்கற சாலமாண்டர் மொத்த எடை பறவைகளோட எடைய மாதிரி ரெண்டு மடங்கு. பகல்ல அந்தக் காட்டுல நடக்கறவன் கண்ணுக்கு ஒண்ணு கூட தெரியாது, எல்லாம் இலைச்சருகுக்கும் மரக்கட்டைக்கும் கீழ. கலிஃபோர்னியாவுல என்சடினான்னு ஒண்ணு, நடு சமவெளிய சுத்தி மலைத்தொடர் ரெண்டு பக்கமும் எறங்கி வருது, பக்கத்து பக்கத்து கூட்டம் கலந்துக்கும், ஆனா தெற்குக் கோடியில ரெண்டு கையும் சந்திக்கற இடத்துல பெரும்பாலும் கலக்கறதில்ல. ஒரு இனம் ரெண்டா ஆகறத வரைபடத்துலயே பார்க்கலாம்னு ஸ்டெபின்ஸ் 1949ல சொன்னாரு, பின்னாடி வந்த டிஎன்ஏ வேலை அந்த வளையம் அவ்ளோ சுத்தமா இல்ல, நடுநடுவுல அறுந்து ஒட்டியிருக்குன்னு காட்டுச்சு, ஆனாலும் அடிப்படைக் கத நிக்குது.

மத்த குடும்பங்களும் சும்மா இல்ல. சைரனுக்கு முன்னங்கால் மட்டும்தான், பின்னங்காலே கிடையாது. ஸ்லோவேனியா சுண்ணாம்புக் குகையில இருக்கற ஓல்முக்கு கண்ணு தோலுக்கடியில புதைஞ்சு போச்சு, போஸ்னியா பக்கத்துக் குகையில ஒண்ண 2,569 நாள் கழிச்சு வந்து பார்த்தப்பவும் அதே இடத்துல கெடந்துச்சாம். ஆல்ப்ஸ் மலை கறுப்பு சாலமாண்டர் தண்ணி பக்கமே போகாம குட்டி போடும், கர்ப்பம் ரெண்டு மூணு வருஷம். மரபணுத் தொகுப்ப எடுத்துக்கிட்டா ஆக்சோலாட்லுக்கு சுமார் 3,200 கோடி எழுத்து, நமக்கு 300 கோடிதான், அதுல பெரும்பகுதி தன்னைத்தானே நகல் எடுத்து பெருகுன குப்பை. அதனால செல் பெருசு, மைக்ராஸ்கோப்ல சாலமாண்டர் ரத்தத்த வச்சா சிவப்பணு ஒவ்வொண்ணும் அவ்ளோ பெருசா நீள்வட்டமா நடுவுல கருவோட தெரியும், முதல் வருஷப் பசங்க கூட தப்பா சொல்ல மாட்டாங்க. இத்தனையும் நடந்த பிராணிய மாறாத பிராணின்னு சொல்றது நியாயமே இல்ல.

ஆனா ஒரு விஷயத்துல சாலமாண்டர் நெஜமாவே ரொம்பப் பழச பத்திரமா வச்சிருக்கலாம். தவள, பல்லி, கோழி, நாம எல்லாருக்கும் கருவுல கை உருவாகும்போது சுண்டுவிரல் பக்கத்து வரிசைதான் முதல்ல கெட்டிப்படும், கட்டைவிரல் பக்கம் கடைசி. சாலமாண்டருக்கு தலைகீழ். ஆக்சோலாட்ல் குஞ்ச லென்ஸ்ல பார்த்தா, செவுளுக்குப் பின்னாடி முதல்ல ஒரு சின்ன குச்சி மாதிரி கை நீளும், நுனி தட்டையாகி வி மாதிரி ரெண்டாப் பிளக்கும், அது ஒண்ணாவது ரெண்டாவது விரல். அது ரெண்டும் நல்லா நீண்ட பிறகுதான் பக்கவாட்டுல மூணாவது ஒரு முண்டு மாதிரி எட்டிப் பார்க்கும், அப்புறம் நாலாவது. சாயம் போட்டு சதைய கண்ணாடி மாதிரி ஆக்கி, குருத்தெலும்பு நீலமா எலும்பு சிவப்பா தெரியற மாதிரி பண்ணுன குஞ்சுகள வயசு வாரியா வரிசையா வச்சா இந்த ஒழுங்கு அப்படியே படிக்கலாம். இது சாலமாண்டரோட தனிக் கோணல்னுதான் நூறு வருஷமா சொல்லிட்டு இருந்தாங்க. 2007ல நாடியா ஃப்ரோபிஷ் குழு, ஜெர்மனியில கெடச்ச அபாடியான்ங்கற பெர்மியன் காலத்து டெம்னோஸ்பாண்டைல் குட்டிகளோட ஃபாசில வயசு வாரியா அடுக்கிப் பார்த்தா அங்கயும் இதே ஒழுங்கு. 29 கோடி வருஷக் கல்லுல விரல் மொளைக்கற வரிசை! 2014ல அதே காலத்து மைக்ரோமெலர்பெடான்ல வெட்டுப்பட்ட கால் திரும்ப மொளச்ச அடையாளமும் கெடச்சுது. அப்போ கால் போனா மொளைக்கற சக்தி சாலமாண்டர் புதுசா சம்பாதிச்சதா, இல்ல எல்லா நாலு கால் பிராணிக்கும் ஆதியிலேயே இருந்தத நம்ம வழி தொலச்சுடுச்சாங்கற கேள்வி வருது. நான் ரெண்டாவது பக்கம் சாயறேன், ஆனா இது சாய்வுதான், தீர்ப்பு இல்ல.

மாடலா சாலமாண்டர் எங்க உதவும்னா நடைக்கு, அதுவும் முழுசா நடக்கக் கத்துக்கிட்ட பிராணிகளோட நடைக்கு. 2007ல ஐஸ்பேர்ட் குழு சுவிட்சர்லாந்துல ஒரு சாலமாண்டர் ரோபோ செஞ்சாங்க, முதுகுத்தண்டுக்கு குடுக்கற சிக்னல கூட்டுனா நடை தானா நீச்சலா மாறுது. 2019ல ஜெர்மனியில கெடச்ச ஒரோபேட்ஸ்ங்கற பெர்மியன் பிராணிக்கு, எலும்பையும் தடத்தையும் வச்சு ரோபோ கட்டி ஓட்டிப் பார்த்தாங்க, ஒப்பிட சாலமாண்டர், இகுவானா, அரணை, முதலை நாலையும் நடக்க விட்டாங்க. ஒரே பிராணிய மாடலா வைக்காம நாலு பேர வச்சதுதான் சரியான முறை.

நம்ம ஊர்ல ஏன் இல்லங்கறதுக்கு வரேன். சாலமாண்டர் பெரும்பாலும் வடக்குக் கண்டங்களோட சொத்து, லாரேசியாங்கற பழைய வடக்குப் பெருங்கண்டத்துல வளர்ந்த வம்சம். நம்ம தீபகற்பம் அப்போ தெற்குல கோண்ட்வானாங்கற பெருங்கண்டத்தோட ஒட்டியிருந்து, பிரிஞ்சு, தனியா மிதந்து, சுமார் 5 கோடி வருஷம் முன்னாடிதான் ஆசியாவுல வந்து மோதுச்சு. அதனால மேற்குத் தொடர்ச்சி மலையில கோண்ட்வானா ஆளுங்கதான் இருக்காங்க. மண்ணுக்குள்ளயே வாழ்ற ஊதாத் தவளைய 2003ல பிஜுவும் பொசுய்ட்டும் விவரிச்சாங்க, அதோட கிட்டத்து சொந்தம் செஷல்ஸ் தீவுல இருக்கு. 2017ல ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் மலையோட கிழக்குச் சரிவுல அதோட இன்னொரு இனமும் வந்துச்சு. சிசிலியன்களும் அந்த மலையில நிறைய, தோட்டத்துல மண் வெட்டும்போது வந்தா பாம்புன்னு அடிச்சுடறாங்க, பாவம், அதுவும் தவள மாதிரி சாலமாண்டருக்கு சொந்தம்தான், பாம்பு மாதிரி கொத்தாது. கோண்ட்வானாவுல சாலமாண்டரே இல்லன்னும் சொல்லிட முடியாது, சூடான்ல டைனோசர் காலத்து கபாபிஷான்னு ஒண்ணு கெடச்சிருக்கு, தென்னமெரிக்காவுக்குள்ள பொலிடோகிளாஸான்னு ஒரு கிளை பின்னாடி எறங்கி நல்லா பெருகியிருக்கு. ஆனா தென்னிந்தியாவுல உசுரோடயும் இல்ல, ஃபாசிலாவும் நான் படிச்ச வரைக்கும் இல்ல. பழைய டெம்னோஸ்பாண்டைல் மட்டும் இருந்துச்சு: தெலங்கானாவுல கோதாவரிப் பள்ளத்தாக்கு மலேரி பாறையில பந்தசாரஸ் மலேரியன்சிஸ்னு தட்டைத்தலை பெரிய பிராணி, டிரையாசிக் காலம். பார்க்க ராட்சத சாலமாண்டர் மாதிரியே இருக்கும், சாலமாண்டர் கிடையாது.

இந்தியாவுல நெஜ சாலமாண்டர பார்க்கணும்னா கிழக்கு இமயமலை, வடகிழக்குதான். டார்ஜிலிங் பக்கம் ஜோரேபோக்ரி குளம் அதுக்கு பேர் போன இடம். முதுகுல ரெண்டு வரிசையா மரு மாதிரி முண்டு, கரும்பழுப்பு, சாண் நீளத்துக்கு உள்ள. ரொம்ப நாள் டைலோடோட்ரைடன் வெர்ருகோசஸ்னு ஒரே பேர்ல சொல்லிட்டு இருந்தாங்க, 2015ல டார்ஜிலிங், நேபாளம் பக்கத்தது வேற இனம்னு பிரிச்சு ஹிமாலயானஸ் ஆக்கிட்டாங்க. மழை தொடங்கினதும் குளத்துக்கு எறங்கி முட்டை போடும், குளிர்காலத்துல கல்லுக்கடியில ஒடுங்கிடும், அதனால போறதா இருந்தா ஜூன்ல இருந்து ஆகஸ்டுக்குள்ள போங்க. சட்டப்படி பாதுகாக்கப்பட்டது, கையில எடுக்காதீங்க, கையில இருக்கற உப்பும் கொசு க்ரீமும் அந்தத் தோல் வழியா நேரா உள்ள போகும்.

கடைசியா ஆக்சோலாட்ல். அதுக்கு தண்ணி 16, 18 டிகிரி வேணும், 24 தாண்டுனா சாப்பிடாது, பூஞ்சை பிடிக்கும். உங்க ப்ரொஃபைல்ல சென்னைன்னு இருக்கு, சென்னையில குழாயத் திறந்தாலே மே மாசம் தண்ணி எவ்ளோ சுடும்னு உங்களுக்கே தெரியும், சில்லர் போட்டு வருஷம் பூரா கரண்ட் பில் கட்டணும், பவர் கட் ஆனா போச்சு. இதோட சொந்த ஊர் மெக்சிகோ சிட்டி ஓரத்து சோச்சிமில்கோ கால்வாய், அங்க 1998ல சதுர கிலோமீட்டருக்கு 6,000 இருந்தது 2014ல 36 ஆகிப்போச்சு. கடையில விக்கறது அங்க இருந்து பிடிச்சது இல்ல, 1860கள்ல பாரிசுக்கு கப்பல்ல போன கூட்டத்தோட வாரிசுங்க ஆய்வகத்துலயும் தொட்டியிலயும் பெருகினதுதான். ஆனாலும் வாங்கி, வளர்க்க முடியாம, ஊட்டி கொடைக்கானல் பக்கம் ஓடையில விட்டுடலாம்னு யாராவது நெனச்சா தயவுசெஞ்சு வேண்டாம். செல்லப்பிராணி வியாபாரத்துல ஆசியாவுல இருந்து ஐரோப்பாவுக்குப் போன ஒரு தோல் பூஞ்சை நெதர்லாந்துல நெருப்பு சாலமாண்டர்கள கிட்டத்தட்ட துடைச்சுப் போட்டுச்சு, 2013லதான் அது என்ன பூஞ்சைன்னே கண்டுபிடிச்சாங்க, அதுக்கு பயந்து அமெரிக்கா 2016ல 201 சாலமாண்டர் இனத்தோட இறக்குமதிய நிறுத்துச்சு. நம்ம மலையில சாலமாண்டர் இல்லன்னாலும் வேற எங்கயும் இல்லாத தவளைகள் இருக்கு. தொட்டித் தண்ணிய கூட அங்க கொட்டாதீங்க.